டிராக் டேயில் வளைவுப் பிடிப்பை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா பக்கத்திலிருந்து டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, கயலாமி, ஸ்வார்ட்கோப்ஸ், டெஸ்ஸி தடங்களுக்குக் காரை எடுத்துப்போகும் நம்மவர்கள், திரையில் தெரியும் ஜி எண்ணைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சை அப்படியே விட்டிருக்கிறோம். சூத்திரங்களுக்குப் போனில் உள்ள கால்குலேட்டர் போதும்.

1. ஒரு ஜி, அரை ஜி என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

புவியீர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 9.81 மீட்டர். அதுதான் ஒரு ஜி. வளைவில் காரை உள்பக்கம் இழுத்துத் திருப்புவது நான்கு டயர்கள்தான். 1400 கிலோ கார் 1 ஜியில் திரும்புகிறது என்றால், அந்த நான்கு டயர்களும் சேர்ந்து காரின் முழு எடைக்குச் சமமான விசையைப் பக்கவாட்டில் கொடுக்கின்றன.

கணக்கு எளிது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் பெருக்குங்கள், 127ஆல் வகுங்கள், பிறகு வளைவின் ஆரத்தால், மீட்டரில், வகுங்கள். 70 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 90 கி.மீ. வேகம் 0.91 ஜி. அதே வளைவில் 95 கி.மீ. என்றால் 1.02 ஜி. வெறும் 5 கி.மீ. கூடியதற்கு டயரிடம் 0.1 ஜி கூடுதலாகக் கேட்கிறீர்கள். வளைவில் நுழையும்போது "கொஞ்சம்தானே" என்று கூட்டும் வேகம் காரை வெளியே தள்ளிவிடுவது இதனால்தான்.

2. என் கோல்ஃப் ஜிடிஐ 0.95 காட்டுகிறது. நல்லதா, சுமாரா?

சாதாரண குடும்பக் கார் காய்ந்த தாரில் 0.8 முதல் 0.85 வரை தாங்கும். நல்ல சாலை டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் 0.9 முதல் 1.0 வரை. சாலையிலும் ஓட்டக்கூடிய பந்தய வகை டயரான செமி ஸ்லிக் போட்டால் 1.1ஐத் தாண்டும். பள்ளக்கோடு இல்லாத ஸ்லிக் டயரும் காரைக் கீழே அழுத்தும் இறக்கையும் உள்ள பந்தயக் கார்கள் 1.5க்கு மேல் போகும். ஆகவே சாலை டயரில் 0.95 நல்ல எண்தான். அது உண்மையான 0.95ஆக இருந்தால். அதை 6, 7ஆம் கேள்விகளில் பார்க்கலாம்.

இந்த எண்ணில் பெரும்பங்கு டயருடையது. மலிவான டயர் போட்ட விலையுயர்ந்த காரைவிட, நல்ல டயர் போட்ட பழைய ஹேட்ச்பேக் அதிகம் பிடிக்கும்.

3. போன் போதுமா, தனிப் பெட்டி வாங்கணுமா?

போனுக்குள் இருக்கும் முடுக்கமானி மோசமில்லை. நொடிக்கு 100 தடவை அளக்கும். குறை ஜி.பி.எஸ்.ஸில். பெரும்பாலான போன்கள் நொடிக்கு ஒரு தடவைதான் இடத்தைக் குறிக்கும். 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் கார் 28 மீட்டர் போய்விடும். ஒரு சிறு வளைவே அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் முடிந்துவிடும்.

10 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 தடவை இடத்தைக் குறிக்கும் தனி ஜி.பி.எஸ். பெட்டியில் புள்ளிகளுக்கு இடையே 2.8 மீட்டர், ரேஸ்பாக்ஸ் மினி போன்ற 25 ஹெர்ட்ஸ் பெட்டியில் 1.1 மீட்டர். அதைப் புளூடூத் வழியாக ரேஸ்குரோனோ போன்ற செயலியுடன் இணைத்தால் போன் திரையாக மட்டும் இருக்கும். முதல் ஒன்றிரண்டு டிராக் டேக்குப் போன் போதும். டயர், காற்று, சஸ்பென்ஷன் என்று மாற்றிப் பார்த்து ஒப்பிடத் தொடங்கிவிட்டால் பெட்டி வாங்குவது வீண்செலவல்ல.

4. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டாண்டில் வைத்தால் போதாதா?

போதாது. ஸ்டாண்டின் கை ஆடும். அந்த ஆட்டமும் ஜியாகப் பதிவாகும். அளக்கும் கருவி காரின் எடைமையத்துக்கு அருகில், அதாவது இரண்டு முன்இருக்கைகளுக்கு நடுவே, கன்சோலிலோ தரையிலோ இறுக்கமாக இருக்க வேண்டும். தடித்த இரட்டைப்பக்க ஃபோம் டேப் நன்றாகப் பிடிக்கும். ஒட்டுமுன் பிளாஸ்டிக்கை ஸ்பிரிட்டால் துடையுங்கள். டாஷ்போர்டு பாலிஷ் மேல் எந்த டேப்பும் நிற்காது.

எடைமையத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் வைத்தால், கார் சட்டென்று திரும்பத் தொடங்கும் கணத்தில் மட்டும் 0.1 ஜி அளவுக்குக் கூடுதலாகக் காட்டலாம். நிலையான வளைவில் அந்தப் பிழை இருக்காது. ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கோ வானம் தெரிய வேண்டும்: கூரை மேல் காந்தத்தால் ஒட்டுவது சிறந்தது. உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடி சிக்னலைக் குறைத்துவிடும். இன்னொன்று: டர்பன் கோடை வெயிலில் டாஷ்போர்டில் கிடக்கும் போன் சூடேறி, பதிவின் நடுவிலேயே அணைந்துபோகும்.

5. பூஜ்யம் வைக்கச் சொல்கிறது. பிட்டில், அதாவது தடத்தின் ஓரம் கார் நிறுத்தும் இடத்தில், தரையே சரிவாக இருக்கிறதே, என்ன செய்வது?

ஒரு டிகிரி சரிவு 0.017 ஜி பிழை. இதைக் கழிக்க வழி இருக்கிறது. காரை ஓரிடத்தில் நிறுத்திப் பக்கவாட்டு எண்ணைக் குறியுங்கள். காரைத் திருப்பி, அதே சக்கரத் தடத்தில் எதிர்த்திசை நோக்கி நிறுத்தி மறுபடி குறியுங்கள். இரண்டின் சராசரிதான் கருவியின் பிழை. மீதி தரையின் சரிவு. முதலில் 0.03, திருப்பியபின் கழித்தல் 0.01 என்றால், கருவிப் பிழை 0.01, சரிவு 0.02. அந்த 0.01ஐ மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். ஆள் ஏறியதும் வலப்பக்கம் கொஞ்சம் தாழும்.

6. எனக்கு 1.38 ஜி வந்தது, ஸ்கிரீன்ஷாட்டே இருக்கு. நண்பன் நம்ப மாட்டேங்கிறான். யார் சரி?

நண்பர் சரி. எண் பொய்யில்லை, ஆனால் அது டயரின் பிடிப்பு அல்ல. தடத்தின் விளிம்பில் உயர்ந்திருக்கும் கெர்ப் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது, தாரில் ஒட்டு மேல் போகும்போது, ஒரு நொடியின் சிறு பகுதியில் இப்படி உச்சங்கள் எழும்பி விழும். செயலி அந்த உச்சத்தைத்தான் பெரிய எழுத்தில் காட்டுகிறது.

பிடிப்பு என்று சொல்ல வேண்டுமானால் அந்த எண் குறைந்தது ஒரு நொடி தாங்கியிருக்க வேண்டும். வரைபடத்தைத் திறந்து, அரை நொடி முதல் ஒரு நொடி வரையிலான நகரும் சராசரியைப் போட்டு, கெர்ப்பைத் தொடாத ஒரு நீண்ட வளைவில் கோடு தட்டையாக நிற்கும் இடத்தைப் படியுங்கள். 1.38 காட்டிய கார் அங்கே 1.0 காட்டினால் ஏமாற வேண்டாம். அதுதான் உங்கள் காரின் எண். மூன்று சுற்றுகளில் அதே இடத்தில் 0.02க்குள் திரும்ப வந்தால் அதை நம்பலாம்.

7. அண்ணா, முடுக்கமானி 0.95 காட்டுது, ஜி.பி.எஸ். 0.90 காட்டுது. எதை நம்புறது?

இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன, தம்பி. வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்கிறது. காரோடு ஒட்டிய முடுக்கமானியும் சாய்கிறது. அப்போது புவியீர்ப்பின் ஒரு துண்டும் பக்கவாட்டு எண்ணில் சேர்ந்துவிடும். 3 டிகிரி சாய்வுக்கு ஏறத்தாழ 0.05 ஜி. உங்கள் வித்தியாசம் அதேதான். ஜி.பி.எஸ். காரின் பாதையிலிருந்து கணக்கிடுவதால் சாய்வு அதைத் தொடாது.

உள்பக்கம் சரிந்த வளைவில் இது தலைகீழாகும். அங்கே தரையே காரை உள்ளே தள்ளி உதவுகிறது, ஜி.பி.எஸ். அந்த உதவியையும் சேர்த்துக் காட்டும், முடுக்கமானி குறைத்துக் காட்டும். ஆகவே சமதளத்தில் ஜி.பி.எஸ். எண்ணை எடுங்கள். ஒரே காரில் டயரை மட்டும் மாற்றி ஒப்பிடுகிறீர்கள் என்றால் எதை எடுத்தாலும் சரி, நடுவில் மாற்றக் கூடாது.

8. பிடிப்பை அளக்கும் வட்டமான ஸ்கிட் பேட் நாமே போட முடியுமா? என்ன அளவு?

முடியும். பிடிப்பை அளக்க இதைவிட நேர்மையான வழி இல்லை என்பது எங்கள் எண்ணம். ஒரு டேப்பும் நிறுத்துக் கடிகாரமும் போதும். இடம்தான் சிக்கல். மின்கம்பமும் விளிம்புக்கல்லும் இல்லாத, சமமான, 100 மீட்டருக்கு 100 மீட்டர் தார்த்தளம் வேண்டும். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதியும் வேண்டும்.

நடுவில் ஒரு ஆணி அடித்து, 30 மீட்டர் டேப்பால் வட்டம் போடுங்கள். 15 டிகிரிக்கு ஒன்றாக 24 கோன். இடைவெளி ஏறத்தாழ 7.85 மீட்டர். உள்சக்கரம் கோன்களிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓட வேண்டும். கணக்கில் 30 மீட்டரைப் போடாதீர்கள். ஓடுவது காரின் நடுக்கோடு. அதன் ஆரம் 31.1 மீட்டர் வரும். இந்த ஒரு தவறே எண்ணை 3.5 சதவீதம் கெடுத்துவிடும்.

இரண்டாம் கியரில் மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினாலும் மூக்கு வெளியே போகத் தொடங்கும் இடம்தான் எல்லை. அதற்குச் சற்றுக் கீழே, ஆக்சிலரேட்டரை அசைக்காமல் மூன்று சுற்று நேரம் எடுத்து மூன்றால் வகுங்கள். ஆரத்தை 4.024ஆல் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஜி வரும். 31.1 மீட்டருக்கு: 11.8 நொடி என்றால் 0.90, 11.5 என்றால் 0.95, 11.2 என்றால் 1.00. நேரத்தில் 0.2 நொடி பிழைத்தால் எண்ணில் 0.03 பிழைக்கும், அதனால் ஒரே சுற்றை நம்ப வேண்டாம். பிறகு எதிர்த்திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். நடுவில் டயரை ஆறவிடுங்கள். வெளி முன்டயர் விரைவில் வெந்துபோய் எண் தானாக இறங்கும்.

9. அவ்வளவு தொல்லை எதுக்கு? ஊருக்கு வெளியே ஒரு நல்ல வளைவு இருக்கே, ராத்திரியில் ஆளே வரமாட்டாங்க.

வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், எண் 93, அதன் 63ஆம் பிரிவில் பொறுப்பற்ற ஓட்டத்தைக் குற்றமாக்கியிருக்கிறது. அதைவிடப் பெரியது, எல்லையைத் தொட்டால்தான் அளக்க முடியும்; எல்லையைத் தொட்ட கார் வழுக்கும்; வழுக்கினால் போக இடம் வேண்டும். சாலையில் அந்த இடத்தில் மரமோ, மாடோ, நடந்து போகும் மனிதரோ இருப்பார்கள்.

10. ஸ்கிட் பேடில் 0.96தான், கயலாமியில் 1.08 வருகிறது. தார் அவ்வளவு நல்லதா?

தாரும் ஒரு காரணம். சூடான டயர், உள்பக்கச் சரிவு ஆகியவையும் சேரும். ஆனால் பலர் பார்க்காதது செங்குத்து ஜி. கயலாமி மேடும் பள்ளமுமான டிராக். மைன்ஷாஃப்ட் என்ற இறக்கத்தில் கீழே பாய்ந்து பள்ளத்தில் அமுங்கும்போது டயர் மேல் பாரம் கூடும், பிடிப்பும் கூடும். மேட்டின் உச்சியில் கார் லேசாகிப் பிடிப்புக் குறையும்.

பக்கவாட்டு எண்ணை அதே கணத்தின் செங்குத்து எண்ணால் வகுத்துவிடுங்கள். பள்ளத்தில் 1.20, செங்குத்து 1.15 என்றால் 1.04. மேட்டில் வெறும் 0.90 வந்து, செங்குத்து 0.85 என்றால் 1.06. மேட்டில்தான் நீங்கள் டயரை அதிகம் வேலை வாங்கியிருக்கிறீர்கள். "அங்கே இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று குறைந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்பவர்கள் புல்லில் போய் நிற்பது இப்படித்தான்.

11. டர்பனிலேயே காற்று வைத்துவிட்டு ஏறினேன். மேலே அளந்தால் கூடுதலாக இருக்கிறது. கேஜ் கெட்டுப்போச்சா?

கேஜ் நன்றாகத்தான் இருக்கிறது. அது காட்டுவது டயருக்குள் உள்ள அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். டர்பன் கடல் மட்டம். கயலாமி ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். வான் ரீனன் கணவாய் ஏறி மேலே வந்ததும் வெளி அழுத்தம் 0.16 பார் அளவுக்குக் குறைந்துவிடும். கீழே 2.2 வைத்தால், அதே வெப்பநிலையில் மேலே 2.36 காட்டும்.

குழப்பம் குளிர்காலத்தில். டர்பனில் 26 டிகிரியில் அடித்த காற்று, கயலாமி இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் விடியற்காலையில் 6 டிகிரிக்கு ஆறினால் 0.21 பார் இறங்கும். இரண்டும் சேர்ந்து கேஜ் 2.15 காட்டும், ஒன்றுமே மாறவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். பத்து மணி வெயிலில் அது ஏறிவிடும். காற்றை டிராக்கில், நிழலில், முதல் சுற்றுக்கு முன் அடியுங்கள்.

12. சூட்டில் டயர் காற்று எவ்வளவு இருக்கணும்? எப்போது அளப்பது?

பல செமி ஸ்லிக்குகள் சூட்டில் 2.2 முதல் 2.4 பார் வரை நன்றாக வேலை செய்யும். தயாரிப்பாளர் சொன்ன எண் இருந்தால் அதுவே முதல். டயருக்குள் 10 டிகிரி ஏறினால் 0.11 பார் ஏறும் என்பதால், குளிரில் 0.3 அல்லது 0.4 குறைத்துத் தொடங்குவது வழக்கம். பிட்டுக்குள் நுழைந்த உடனே, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் அங்கேயே இறக்குங்கள்.

வெப்பநிலையைக் குத்தும் ஊசிமானியால் டயரின் உள், நடு, வெளி மூன்றிலும் எடுங்கள். உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 5 முதல் 10 டிகிரி கூட இருக்கலாம். நடு மட்டும் சூடென்றால் காற்று அதிகம். இன்ஃப்ராரெட் துப்பாக்கி மேல்தோலை மட்டும் பார்க்கும். அது சில நொடிகளில் ஆறிவிடும்.

13. உயரத்தில் இன்ஜின் சக்தி குறைகிற மாதிரி பிடிப்பும் குறையுமா?

டயரின் பிடிப்பு குறையாது. காற்றின் அடர்த்தி 14 சதவீதம் அளவுக்குக் குறைவதால் இறக்கை தரும் கீழழுத்தம் அதே விகிதத்தில் குறையும். இறக்கை உள்ள காரைக் கேப் டவுன் கில்லார்னி தடத்தில் அளந்துவிட்டுக் கயலாமிக்கு வந்தால் வேக வளைவுகளில் மட்டும் எண் குறையும். மெதுவான வளைவுகளில் அப்படியே இருக்கும்.

14. ஜி-ஜி படம் என்று ஒரு புள்ளிக் கூட்டம் வருகிறது. அதை எப்படிப் படிப்பது?

குறுக்கே பக்கவாட்டு ஜி, நெடுக்கே மேலே முடுக்கம், கீழே பிரேக். டயரிடம் இருக்கும் பிடிப்பு ஒரே கையிருப்பு. பிரேக்குக்குக் கொடுத்தது போக மீதிதான் திருப்பத்துக்கு. எல்லை 1.0 என்றால், 0.6 பிரேக்கில் இருக்கும்போதே 0.8 திரும்பலாம், இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால் 1.0.

புதியவரின் படம் சிலுவை போல் இருக்கும்: நேராகப் பிரேக், விட்டுவிட்டுத் திருப்பம். நடுவில் 0.3, 0.4 என்று புள்ளிகள் கிடந்தால் கூட்டுப்பலன் 0.5, பாதிப் பிடிப்பு சும்மா கிடந்தது. திருத்தம் பிரேக்கைத் தாமதமாக மிதிப்பதில் இல்லை, மெதுவாக விடுவதில் இருக்கிறது. ஸ்டியரிங் திரும்பும் அளவுக்குப் பிரேக்கிலிருந்து கால் எழ வேண்டும். கீழ்மூலைகள் உருண்டு நிரம்பும்.

மேல்பாதி தட்டையாக இருந்தால் கவலை வேண்டாம். 150 கிலோவாட் கார் 100 கி.மீ. வேகத்தில் 0.35 ஜிக்கு மேல் முடுக்காது. அது இன்ஜினின் எல்லை.

15. மூக்கு வழுக்குதா, வால் வழுக்குதா என்று எண்ணில் தெரியுமா?

பெட்டியில் சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோ இருந்தால் தெரியும். நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதை வேகத்தால் பெருக்கி 2023ஆல் வகுங்கள். 90 கி.மீ., 20 டிகிரி என்றால் 0.89 ஜி. நிலையான வளைவில் இது அளந்த பக்கவாட்டு ஜியோடு ஒத்துப்போகும். இந்த எண் அளந்ததைவிட எழும்பினால் கார் தன் பாதையைவிட வேகமாகச் சுழல்கிறது, அதாவது வால் கிளம்புகிறது.

மூக்கு வழுக்கினால் ஸ்டியரிங் கோணம் கூடும், ஆனால் இரண்டு எண்ணும் ஏறாது. ஸ்டியரிங் கோணத்தைக் காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி செருகி வழியாக எடுக்கலாம். கிடைக்காத காரில் ஸ்டியரிங் தெரியும்படி ஒரு கேமரா போதும்.

16. இடது வளைவில் 0.94, வலது வளைவில் 1.01. அலைன்மென்ட் போச்சா?

முதலில் 5ஆம் கேள்விக்குப் போங்கள். கருவி வெறும் 2 டிகிரி சாய்ந்து ஒட்டியிருந்தாலே ஒரு பக்கம் 0.035 குறைந்து மறுபக்கம் 0.035 கூடும், உங்கள் வித்தியாசம் முழுவதும் அதுவாகவே இருக்கலாம். பூஜ்யம் சரியென்றால் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்கீழ்ச் சாய்வு, டயர் தேய்வு ஆகியவற்றைப் பாருங்கள். நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் வலது வளைவில் உள்சக்கரங்களுக்குக் கொஞ்சம் பாரம் கிடைக்கும்; அந்த லாபம் சிறியது.

17. காரைத் தாழ்த்தினேன், ஜி குறைந்துவிட்டது! காசு போச்சா?

அநேகமாகப் போகவில்லை. தாழ்ந்த கார் குறைவாகச் சாயும்; 7ஆம் பதிலில் சொன்ன பொய்க்கூடுதல் குறையும். ஜி.பி.எஸ். எண்ணையும் சுற்று நேரத்தையும் பாருங்கள்.

1400 கிலோ, எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர், சக்கர அகலம் 1.55 மீட்டர்: 1 ஜியில் 452 கிலோ பாரம் உள்ளிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும். 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 425. பாரம் கூடக் கூட டயர் அதே விகிதத்தில் பிடிப்பைக் கூட்டித் தராது என்பதால் இந்த 27 கிலோ லாபம்தான். ஆனால் எண்ணில் சிறிதாகத்தான் தெரியும். கார் சாய்வதைத் தடுக்கும் கம்பியான ஆன்ட்டி ரோல் பாரைக் கெட்டியாக்குவது மொத்த மாற்றத்தைக் குறைக்காது. முன்னுக்கும் பின்னுக்கும் பங்கை மாற்றும், அவ்வளவுதான். முன்பக்கம் கெட்டியாக்கினால் மூக்கு வழுக்கல் கூடும்.

18. செமி ஸ்லிக் போட்டேன், 1.1 வருகிறது. நீண்ட வளைவில் ஆயில் விளக்கு மினுக்குகிறது. சென்சார் கோளாறா?

சென்சார் என்று எண்ணி இன்னொரு சுற்றுப் போகாதீர்கள். 1 ஜியில், இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டான சம்பில் உள்ள எண்ணெயின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். சாலை டயரில் அது ஒரு கணம். செமி ஸ்லிக்கில் மூன்று நான்கு நொடி. உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும், பேரிங் உலர்ந்து ஓடும். விளக்கு எரிவதற்குள் அழுத்தம் ஏற்கெனவே விழுந்துவிட்டது.

உடனே வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்கு வாருங்கள். எண்ணெய் டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை இருக்கிறதா பாருங்கள். இருந்தும் மினுக்கினால் சம்புக்குள் தடுப்புத் தகடு போடும் வரை சாலை டயருக்குத் திரும்புவதே சரி. பதிவில் எண்ணெய் அழுத்தத்தையும் பக்கவாட்டு ஜியையும் ஒரே வரைபடத்தில் வையுங்கள். எந்த வளைவில், எத்தனையாவது நொடியில் அழுத்தம் சரிகிறது என்று அப்பட்டமாகத் தெரியும். பெட்ரோலுக்கும் இதே கதைதான்: கால் டேங்குக்குக் கீழே இருந்தால் நீண்ட வளைவின் முடிவில் இன்ஜின் திக்கும், அரை டேங்குக்கு மேல் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.